மெர்சி எழுதிய நோட்டு

ஸ்டோர்ஸிலிருந்து இன்டர்காம் அடிப்பது நின்று ஒன்பது நாளாகியிருந்தது. அதற்கு முன்பெல்லாம் ஒரு நாளைக்கு ஏழெட்டு முறையாவது அடிக்கும். "மேடம், மெஷின் கீச்சுனு கத்துது", "மேடம், தப்பா போட்டுட்டோம், எப்பிடி அழிக்கிறது" என்று ஏதாவது ஒன்று. காந்திமதி ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் சொல்வாள்.

"மேனுவல்ல இருக்கு. நாப்பத்து மூணாம் பக்கம் பாருங்க."

இப்போது அடிக்கவே இல்லை. ஒருவழியாக எல்லோரும் மேனுவலைப் படித்துவிட்டார்கள் என்று அவள் நினைத்தாள்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து மண்ணூர் போகிற சாலையில், லாரிகளுக்கு பிரேக் ஷூ செய்கிற தொழிற்சாலை அது. அங்கே கம்ப்யூட்டர் பிரிவு என்றால் மேனேஜர் ரகுபதி, டேட்டா அடிக்கிற இரண்டு பெண்கள், காந்திமதி. புரோகிராம் எழுதத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஸ்டோர்ஸுக்குச் சரக்கு வருவது, அங்கிருந்து உற்பத்தி நடக்கும் லைனுக்குப் போவது எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றும் புரோகிராமை பதினோரு மாதம் உட்கார்ந்து எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு இங்கிலீஷில் நூற்று எண்பத்தாறு பக்கத்துக்கு மேனுவல். மெனுவில் எத்தனை வரி உண்டோ அத்தனை அத்தியாயம். எந்தக் கட்டத்தில் எத்தனை எழுத்து அடிக்கலாம் என்பது வரை அதில் இருந்தது. முதல் பக்கத்தில் அவள் பெயரை மட்டும் பிரிண்டர் இரண்டு முறை அடித்துத் தடிமனாக்கியிருந்தது.

அது தொண்ணூற்றொன்றாம் வருடம். படப்பையில் அவள் வீட்டுப் பக்கம் யாருக்கும் அவள் வேலை புரியவில்லை. மே மாதத்துக்குப் பிறகு, ஸ்ரீபெரும்புதூரில் வேலை என்று சொன்னாலே எல்லோரும் அந்த ஒரு குண்டுவெடிப்பைத்தான் விசாரித்தார்கள். அங்கே நீ என்ன செய்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த மேனுவல் இருந்ததால் அவளுக்கு அது பெரிதாகப் படவில்லை.

பத்தாம் நாள் காலை அவளே ஸ்டோர்ஸுக்குப் போனாள். யாராவது ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை.

மேனுவல் இருந்தது. சுருள் கம்பி போட்ட அந்தப் புத்தகத்தின் மேல் டீ கிளாஸ் ஒன்று உட்கார்ந்திருந்தது. கம்ப்யூட்டர் மேஜையின் ஓரத்தில் ஆணியில் சணல் கயிறு கட்டி, பழுப்பு அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று தொங்கியது. அதைப் புரட்டிக்கொண்டு ஹெல்பர் சுப்பன் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது மனிதர். பத்து நாளைக்கு முன்பு வரை அந்த மெஷினைத் தொடவே பயந்தவர்.

"இது என்ன நோட்டு?" என்றாள் காந்திமதி.

"மெர்சிம்மா எழுதினு வந்தது மேடம். இத்த வெச்சிகினா போதும், எல்லாம் நாங்களே போட்டுக்கிறோம்."

மெர்சி ஸ்டோர்ஸ் கிளார்க். மண்ணூர்ப் பெண். பன்னிரண்டாவது முடித்து டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவள். காந்திமதியைவிட ஐந்து வயது சின்னவள்.

காந்திமதி நோட்டை வாங்கி முதல் பக்கத்தைத் திறந்தாள். குண்டு குண்டான தமிழ் எழுத்து.

'லாரி வந்து நிக்குது. சலான்ல இருநூறுன்னு போட்டிருக்கு. எண்ணினா நூத்தித் தொண்ணூத்தாறுதான் இருக்கு. இன்னா செய்யணும்?'

அதற்குக் கீழே ஐந்து வரி. எந்த எண்ணை அழுத்த வேண்டும், எங்கே இருநூறு அடிக்க வேண்டும், எங்கே நூற்றுத் தொண்ணூற்றாறு, பிரிண்டரிலிருந்து வரும் தாளில் எந்தப் பாதியை டிரைவரிடம் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

அடுத்த பக்கம்: 'லைன்ல இருந்து மிச்ச சரக்கு திரும்பி வந்திருக்கு. நல்ல சரக்குதான்.' அதற்கடுத்து: 'பார்ட் நம்பர் அழிஞ்சு போச்சு. டப்பா மேல ஒண்ணுமே இல்ல.' அப்படியே நாற்பத்தோரு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் ஏதோ நடக்கிறது, யாரோ முழித்துக்கொண்டு நிற்கிறார்கள், உடனே வழி சொல்லப்படுகிறது.

காந்திமதி நின்றபடியே படித்தாள். தப்பு தேடிக்கொண்டு படித்தாள். இரண்டு எழுத்துப் பிழை கிடைத்தது. வேறு எதுவும் கிடைக்கவில்லை. பத்தொன்பதாம் பக்கத்தில் ஒரு ரேக்கிலிருந்து இன்னொரு ரேக்குக்குச் சரக்கை மாற்றிக் காட்டுவதற்கு ஒரு வழி எழுதியிருந்தது. தன் புரோகிராமில் அப்படிச் செய்ய முடியும் என்பது காந்திமதிக்கே அப்போதுதான் தெரிந்தது. நெஞ்சுக்குள் சுருக்கென்று ஏதோ தைத்தது. பதினோரு மாதம் யார் உட்கார்ந்தது? இவள் என்ன செய்தாள், ஒரு நோட்டு வாங்கினாள்.

மெர்சி ரேக்குகளுக்கு நடுவிலிருந்து துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "மேடம், நீங்களே வந்துட்டீங்களா? தப்பு கிப்பு இருந்தா சொல்லுங்க, திருத்திடறேன்."

"உன்னை யார் எழுதச் சொன்னது?"

"யாரும் சொல்லல மேடம். தெனம் உங்களுக்கு போன் பண்ணினு இருந்தாங்களே, எனுக்கே ஒரு மாதிரியா இருந்திச்சு. அவங்க இன்னா கேக்குறாங்களோ அதயே எழுதினு வந்தேன்."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்பில் குத்தல் எதுவும் இருக்கவில்லை. இருந்திருந்தால் காந்திமதிக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அன்று மதியமே அவள் ரகுபதியிடம் போனாள். அங்கீகாரம் இல்லாத நோட்டு ஒன்று ஸ்டோர்ஸில் சுற்றுகிறது, இது முறையல்ல என்றாள். ரகுபதி நோட்டை வரவழைத்துப் படித்தார். மூன்றாவது பக்கத்தில் சிரித்தார். பத்தாவது பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"காந்திமதி, இதைப் பாரும்மா. நாம பட்டனைப் பத்தி எழுதியிருக்கோம். இந்தப் பொண்ணு வேலையைப் பத்தி எழுதியிருக்கா."

அவர் 'நாம' என்று சொன்னது ஆறுதலுக்காக என்பது அவளுக்குத் தெரிந்தது. அதுதான் இன்னும் எரிந்தது.

நோட்டு வொர்க்ஸ் மேனேஜர் பாண்டுரங்கனிடம் போயிற்று. ஜெராக்ஸ் பிரதிகள் எடுத்து, லைனுக்குப் பக்கத்துக் கொட்டகையில் இருந்த சின்ன ஸ்டோர்ஸுக்கும் பெயின்ட் ஷாப்புக்கும் கொடுத்தார்கள். கேன்டீனில் மெர்சி தட்டோடு வரிசையில் நின்றால் யாராவது முன்னால் இடம் விட்டார்கள். காந்திமதி தன் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு அதைப் பார்த்தாள். அவள் புரோகிராம் ஓடுவதால்தான் அந்த நோட்டுக்கு ஒரு அர்த்தம் இருக்கிறது என்று எழுந்து நின்று சொல்ல வேண்டும் போலிருந்தது. டிபன் பாக்ஸைப் பாதியிலேயே மூடினாள்.

செப்டம்பரில் ஒரு மீட்டிங். ஓசூர் கிளையிலும் அதே புரோகிராமைப் போடப் போவதாக பாண்டுரங்கன் சொன்னார். காந்திமதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அங்கே போய் எல்லாவற்றையும் நிறுவித் தருவது யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"ஃப்ளாப்பியை அனுப்பிட்டா அங்க இருக்கிறவங்களே போட்டுக்குவாங்க. ஆளுங்களுக்குச் சொல்லிக்குடுக்க நம்ம மெர்சி ஒரு வாரம் போயிட்டு வரட்டும்" என்றார் பாண்டுரங்கன்.

எல்லோரும் கை தட்டினார்கள். காந்திமதியும் தட்டினாள். அன்று மாலை பஸ்ஸில் வல்லக்கோட்டை தாண்டி ஒரகடம் வரும்வரை அவள் கை தட்டியதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரத்தில்தான் தரப் பரிசோதனைப் பிரிவிலிருந்து ஒரு கோரிக்கை வந்தது. வருகிற சரக்கைப் பரிசோதித்ததும் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு புது வசதி வேண்டும். நியாயமான கோரிக்கை. இரண்டு நாள் வேலை. முடித்துவிட்டு அதை மெனுவில் சேர்க்க வேண்டியதுதான் பாக்கி.

மெனுவில் அப்போது ஒன்று சரக்கு வரவு. இரண்டு லைனுக்குக் கொடுப்பது. மூன்று ஸ்கிராப், அதாவது கழித்துப் போட வேண்டியது. நான்கு லைனிலிருந்து மிச்சமாகத் திரும்பி வருவது. இப்படி எட்டு வரை. புதியதை ஒன்பதாவதாகக் கடைசியில் போட்டிருக்கலாம். அவள் விரல் ஒன்பதை அடிக்கவும் செய்தது. பிறகு அழித்துவிட்டு இரண்டு என்று அடித்தாள். மற்றதெல்லாம் ஒவ்வொரு எண் கீழே இறங்கியது. மெர்சியின் நாற்பத்தோரு பக்கத்தில் பெரும்பாலான பக்கங்கள் அந்த நொடியில் தப்பாயின.

அதற்கு அவள் ஒரு காரணம் தயாராக வைத்திருந்தாள். ரகுபதி கேட்கவும் கேட்டார். "ஏம்மா நடுவுல போட்டே?"

"சரக்கு வந்ததும் அடுத்தது பரிசோதனைதானே சார். அதுதான் சரியான வரிசை."

அவர் தலையாட்டினார். அவள் ஒரே வரியில் ஒரு சர்க்குலர் அடித்தாள், இங்கிலீஷில். மெனு எண்கள் மாற்றப்பட்டுள்ளன. அதை நோட்டீஸ் போர்டில் குத்தினாள். மெர்சியிடம் சொல்லவில்லை. அவளைத் தேடி எல்லோரும் ஓடட்டும், அவள் விழிக்கட்டும், இன்டர்காம் மறுபடி அடிக்கட்டும். அவ்வளவுதான் காந்திமதி நினைத்தது.

இன்டர்காம் அடிக்கவில்லை. பெரிய ஸ்டோர்ஸில் மெர்சி முதல் நாள் காலையிலேயே திரையைப் பார்த்துவிட்டு, சிவப்புப் பேனாவால் நோட்டில் எண்களை மாற்றிவிட்டாள். காந்திமதிக்கு அது சாயந்திரம் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஆனால் லைனுக்குப் பக்கத்துக் கொட்டகையில் இருந்தது ஜெராக்ஸ் பிரதி. அங்கே அந்த வாரம் சுப்பனுக்கு டூட்டி. லைனில் மிஞ்சுகிற சரக்கை வாங்கி வைப்பது ஒன்றுதான் அங்கே வேலை. ஜெராக்ஸில் நான்கு என்று இருந்தது. அவர் நான்கை அழுத்தினார். திரையில் வழக்கம்போல் பார்ட் நம்பர் கேட்டது, எண்ணிக்கை கேட்டது. எல்லாத் திரையையும் காந்திமதி ஒரே அச்சில்தான் செய்திருந்தாள். மேலே இருக்கும் இங்கிலீஷ் தலைப்பு மட்டும்தான் வேறு. சுப்பன் முந்நூற்று நாற்பது என்று அடித்தார். பிரிண்டர் ஒரு சீட்டைக் கக்கியது. அதை டிரேயில் ஒட்டினார்.

அது ஸ்கிராப் சீட்டு. ஸ்கிராப் யார்டு ஆட்கள் தள்ளுவண்டியோடு வந்து, சீட்டைப் பார்த்து, டிரேக்களை எடுத்துப் போனார்கள். மறுநாள் காலை லைனில் பிரேக் ஷூ கேட்டபோது அந்த முந்நூற்று நாற்பதும் யார்டில் சிவப்புப் பெயின்ட் அடிக்கப்பட்டு, சம்மட்டியால் உடைக்கப்பட்டுக் கிடந்தன. நல்ல சரக்கு. முடித்த சரக்கை ஏற்றிக்கொண்டு போக வந்த லாரி கேட்டில் நின்றது. லைன் மத்தியானம் வரை ஓடவில்லை.

"யார் மெஷின்ல கை வெச்சது?" என்று பாண்டுரங்கன் கத்தியது கம்ப்யூட்டர் அறைக்குள் கேட்டது. ஒரு மணி நேரத்தில் சுப்பனை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். விசாரணை வியாழக்கிழமை.

காந்திமதி அன்று முழுவதும் தன் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. சர்க்குலர் போர்டில் இருக்கிறது. அவள் மேல் யாரும் குற்றம் சொல்ல முடியாது. நோட்டை நம்பினால் இப்படித்தான் என்று இரண்டு பேர் பேசியது காதில் விழுந்தது. இதற்காகத்தான் அவள் இரண்டு மாதமாக ஏங்கியிருந்தாள். அது வந்துவிட்டது, ஆனால் அவர்கள் பக்கம் திரும்பிப் பார்க்க அவளால் முடியவில்லை.

புதன்கிழமை காலை கேட்டுக்கு எதிரே டீக்கடையில் சுப்பன் உட்கார்ந்திருந்தார். உள்ளே விட மாட்டார்கள் என்று தெரிந்தும் யூனிபார்ம் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். கையில் அந்த ஜெராக்ஸ். டீ குடிக்க வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டிக்கொண்டிருந்தார். காந்திமதி தலையைக் குனிந்துகொண்டு கடக்கப் பார்த்தாள்.

"மேடம்! மேடம், நீங்க படிச்சவங்க. இத்த கொஞ்சம் பாருங்க."

அவள் நின்றாள்.

"இதுல நாலுன்னுதான போட்டுகீது? எனுக்கு எழுத்துக்கூட்டிதான் படிக்க வரும். நான் ஒருவேள தப்பா படிச்சிட்டனா? ராத்திரிலேர்ந்து பாத்துகினே கீறேன், எனுக்கு நாலாதான் தெரியுது."

"நாலுதான்" என்றாள் காந்திமதி.

"அப்ப நான் செஞ்சது கரெக்டுதான?"

அவர் அந்தத் தாளை நான்காக மடித்து, சட்டைப் பையில் வைத்து, பட்டனைப் போட்டுக்கொண்டார். "போதும் மேடம். என் கண்ணுதான் போச்சோன்னு பயந்துட்டேன். நீங்க சொன்னீங்கல்ல, போதும்."

வியாழக்கிழமை பாண்டுரங்கனின் அறையில் ரகுபதி, மெர்சி, காந்திமதி, வாசல் ஓரம் சுப்பன். மெர்சியின் கண் வீங்கியிருந்தது. அவள் நோட்டை மேஜைமேல் வைத்தாள்.

"சார், சுப்பண்ணன் மேல தப்பில்ல. பெரிய ஸ்டோர்ஸ் நோட்ட அன்னிக்கே மாத்திட்டேன். ஜெராக்ஸ் ரெண்டு எடத்துல கீதுன்னு எனுக்குத் தெரியும். நாளைக்கு மாத்திக்கலாம்னு உட்டுட்டேன். ஓசூருக்குப் போறேன்னு ஒரு குஷில இருந்துட்டேன் சார்."

"இந்த நோட்டே வேண்டாம்" என்றார் பாண்டுரங்கன். "எல்லாத்தையும் வாங்கிக் கிழிச்சுப் போடுங்க. இனிமே காந்திமதி எழுதின மேனுவல் மட்டும்தான். சுப்பன் விஷயம் நான் பார்த்துக்கறேன்."

இதைவிட அவளுக்கு வேறென்ன வேண்டும்? காந்திமதி சுப்பனைப் பார்த்தாள். அவர் சட்டைப் பையில் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

"சார், தப்பு நோட்டுல இல்ல" என்றாள். "புதுசா போட்டதை நான் கடைசில போட்டிருந்தா எந்த எண்ணும் மாறியிருக்காது. நோட்டு தப்பாகட்டும்னுதான் நடுவுல போட்டேன். மெர்சிகிட்ட சொல்லவும் இல்ல. வேணும்னேதான் சொல்லல."

பாண்டுரங்கனுக்கு முதலில் புரியவில்லை. "நடுவுலன்னா? அதுக்கென்ன?" என்றார். ரகுபதிக்குப் புரிந்துவிட்டது. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, தாழ்ந்த குரலில் விளக்கினார்.

"ஏம்மா?" என்றார் பாண்டுரங்கன்.

"பொறாமை சார்."

அந்த வார்த்தைக்கு என்ன நடவடிக்கை எடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. சுப்பனை வெள்ளிக்கிழமை முதல் வேலைக்கு வரச் சொன்னார். காந்திமதிக்கு மெமோ கொடுத்தார். மெனுவை உடனே பழையபடி மாற்றச் சொன்னார். ரகுபதி இரண்டு வாரம் அவளிடம் வேலையைத் தவிர வேறு பேசவில்லை. அந்த மெமோவைவிட இதுதான் அவளுக்கு வலித்தது.

மெர்சியை அவள் அன்று சாயந்திரம் கை கழுவும் குழாயடியில் பிடித்தாள்.

"மெர்சி, நான்..."

"வேணாம் மேடம்." மெர்சி திரும்பாமல் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க உண்மைய சொன்னீங்க, சரி. சுப்பண்ணனுக்கு மூணு பொண்ணுங்க. ரெண்டு நாளா அவுங்க வூட்ல அடுப்பு பத்த வெக்கல. எங்க வூட்லருந்துதான் சோறு போச்சு. அத்த நான் இப்பவே மறந்துட மாட்டேன்."

"மறக்க வேண்டாம்."

மெர்சி குழாயை மூடினாள். "உங்க புரோகிராம் ரொம்ப நல்லா கீது மேடம். அத்த ஒருத்தரும் உங்ககிட்ட சொல்லலன்னு நெனைக்கிறேன். நானும் சொல்லல."

அக்டோபரில் மெர்சி ஓசூருக்குப் போனாள். கம்பெனி ஜீப்பில் அவள் பெட்டியை ஏற்றியபோது காந்திமதி மாடி ஜன்னலிலிருந்து பார்த்தாள். அதே சுருக்கென்ற குத்தல், அதே இடத்தில். ஒரு மாதம் கழித்தும் அது போகவில்லை. இனிமேலும் போகாது என்று அவளுக்குத் தோன்றியது. ஜீப் கேட்டைத் தாண்டியதும் ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு ஸ்டோர்ஸுக்கு இறங்கிப் போனாள்.

கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். முதல் இரண்டு நாள் யாரும் அவளிடம் பேசவில்லை. அவள் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் மழை. பதினொரு மணிக்குக் கரண்ட் போயிற்று. பாதி என்ட்ரி போட்டுக்கொண்டிருந்த சுப்பன், "அய்யோ, இது ஏறிச்சா, ஏறலயா?" என்றார். காந்திமதி அந்த வாக்கியத்தை அப்படியே ஒரு தாளில் எழுதினாள். இங்கிலீஷில் யோசித்து, தமிழில் எழுதி, அடித்து, மறுபடி எழுதினாள். ஆறு வரி வருவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. தாளை நோட்டின் கடைசியில் பின் அடித்து வைத்தாள்.

மெர்சி திரும்பி வந்த அன்று அந்தத் தாளைப் படித்தாள். மூன்றாவது வரியைச் சிவப்புப் பேனாவால் அடித்தாள். "'ஃபைல்'னா அவருக்கு அட்டை ஃபைல்தான் மேடம். வேற மாதிரி எழுதுங்க." காந்திமதிக்குக் காது சூடாகியது. மாற்றி எழுதினாள்.

அடுத்த வாரம் மறுபடி கரண்ட் போய் வந்தது. சுப்பன் நோட்டைப் புரட்டி அந்தப் பக்கத்தை எடுத்தார். உதடு அசைய எழுத்துக்கூட்டிப் படித்தார். ஒவ்வொரு வரியாகச் செய்தார். விட்ட இடத்திலிருந்து என்ட்ரி தொடர்ந்தது. ஸ்டூலில் இருந்த காந்திமதி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"மெர்சிம்மா, இது நீ எப்ப எழுதின?" என்று உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

ரேக்குகளுக்குள்ளிருந்து மெர்சியின் குரல் வந்தது. "நான் எழுதல. பக்கத்துல கீறாங்களே, அவங்க."

சுப்பன் திரும்பி காந்திமதியைப் பார்த்தார். "இதே மாதிரி பிரிண்டர்ல பேப்பர் மாட்டிக்கினா இன்னா செய்யறதுன்னும் ஒண்ணு எழுதுங்க மேடம். தெனம் மாட்டுது" என்றார்.

காந்திமதி புதுத் தாள் ஒன்றை எடுத்தாள். "எப்படி மாட்டுது? காட்டுங்க" என்றாள்.